பங்காளரா, உரித்தாளரா? கனடியக் காலநிலைக் கொள்கையின் வட்டமேசை வரலாறு

2012 யூனில் கனடிய நாடாளுமன்றம் வரவுசெலவுத்திட்ட அமுலாக்கச் சட்டமொன்றை நிறைவேற்றியது. நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அச்சட்டத்தின் ஒரு மூலையில், சூழலுக்கும் பொருளாதாரத்துக்குமான தேசிய வட்டமேசை என்ற அமைப்பை இல்லாதொழிக்கும் சில வரிகள் இருந்தன. தொழில்துறையினர், தொழிற்சங்கத்தினர், சூழல் இயக்கத்தினர், கல்வியாளர், பூர்வகுடியினர் எனப் பல தரப்பினரையும் ஒன்றாக இருத்தி அரசுக்கு ஆலோசனை சொல்ல உருவாக்கப்பட்ட அமைப்பு அது. அதன் முதல் தலைவர் டேவிட் ஜோன்ஸ்ரன், அப்போது மொன்றியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் முதல்வர். கால் நூற்றாண்டு கழித்து அமைப்பு கலைக்கப்பட்டபோது அவர் கனடாவின் ஆளுநர் நாயகம். தான் தலைமை தாங்கித் தொடக்கிய மேசை தன் கண்முன்னே தூக்கப்பட்டபோது, அப்பதவியின் மரபு அவரை வாய்திறக்க விடவில்லை.

இதை ஸ்ரீபன் ஹார்ப்பரின் வலதுசாரி அரசாங்கத்தின் வன்மம் என்று வாசிப்பது இலகு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவ்வாசிப்பு ஒரு கேள்வியைத் தொடாமலே விட்டுவிடுகிறது. இத்தனை தரப்பினர் இருந்த ஒரு மேசையைச் சட்டமூலமொன்றின் சில வரிகளால் எப்படித் தூக்கிவிட முடிந்தது? ஏறத்தாழ அதே காலத்தில் உருவாகி மொன்றியலில் அமர்ந்த இன்னொரு மேசை ஏன் இன்றும் அசையாமல் நிற்கிறது? இக்கட்டுரை இக்கேள்விகளைக் கனடாவின் காலநிலைக் கொள்கை வரலாற்றுக்குள் வைத்து ஆராய முயல்கிறது. எமது வாதம் இதுதான்: ஒரு மேசையின் ஆயுளை அதைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தீர்மானிப்பதில்லை, அவர்கள் எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

1. ஒரு சொல் பற்றி

ஆங்கிலத்தில் 'ஸ்ரேக்ஹோல்டர்' என வழங்கும் சொல்லை நாம் 'பங்குதாரர்' என்றோ 'பங்காளர்' என்றோ மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பங்குதாரர் என்பவர் கொம்பனியொன்றில் பங்கு வைத்திருப்பவர். அவர் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். கொம்பனி நட்டப்பட்டால் அவர் இழப்பது போட்ட முதல் மட்டுமே. ஊரில் காணி உறுதி வாசித்துப் பழகியவர்களுக்கு இன்னொரு சொல் தெரியும்: உரித்து. உரித்தாளருக்கு அக்காணியில் உள்ள இடம் யாரும் அழைத்துக் கொடுத்ததல்ல. அவரது கையொப்பமின்றி அக்காணியை முழுதாகக் கைமாற்ற முடியாது.

கனடாவின் பூர்வகுடி அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்த வேறுபாட்டையே வலியுறுத்தி வருகின்றன. தங்களைப் பங்காளர் பட்டியலில் எண்ணெய்க் கொம்பனிகளுக்கும் வணிக சம்மேளனங்களுக்கும் அடுத்த வரியில் போட வேண்டாம், நாம் உரிமையுடையோர் என்பதே அவர்களின் நிலைப்பாடு. இது சொல்லைப் பற்றிய சண்டை போலத் தோன்றினாலும் அதிகாரத்தைப் பற்றிய சண்டையே.

2. ஜேம்ஸ் விரிகுடா: அழைக்கப்படாதவர்கள்

இக்கதையை காலநிலை மாற்றம் என்ற சொல் வழக்குக்கு வருமுன்பிருந்தே தொடங்கவேண்டும். 1971 ஏப்ரிலில் கியூபெக் முதல்வர் றொபேர் பூராசா, ஜேம்ஸ் விரிகுடாவில் விழும் ஆறுகளை மறித்து மாபெரும் நீர்மின் திட்டம் அமைக்கப்போவதாக அறிவித்தார். அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த கிறீ மக்களிடமும் இனுவிட் மக்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். மாதக்கணக்காக நீண்ட விசாரணையில் வேட்டைக்காரர்கள் மொன்றியலுக்கு வந்து சாட்சியமளித்தார்கள். 1973 நவம்பர் 15 இல் நீதிபதி அல்பேர் மாலூஃப் வேலைகளை நிறுத்துமாறு உத்தரவிட்டார். ஒரு வாரத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. புல்டோசர்கள் மீண்டும் இயங்கின. ஆயினும் அந்த ஒரு வாரம் ஒன்றை நிரூபித்துவிட்டது: இம்மக்களால் திட்டத்தை நிறுத்த முடியும். அதன் பிறகே கியூபெக் பேச வந்தது. 1975 நவம்பர் 11 இல் கையெழுத்தான ஜேம்ஸ் விரிகுடா மற்றும் வட கியூபெக் ஒப்பந்தம் அதன் விளைவு. இருதரப்பு மக்களுக்குமாக 225 மில்லியன் டொலர் இழப்பீடும், வேட்டை உரிமைகளும், கல்வி, சுகாதார நிர்வாகத்தில் அதிகாரமும் அதில் அடங்கின.

இந்த ஒப்பந்தத்தைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. கட்டுமானம் நடந்துகொண்டிருக்கையில், கழுத்தில் கத்தி வைத்த நிலையில் போடப்பட்ட கையெழுத்து அது. நீர்த்தேக்கங்களில் மீன்களில் பாதரசம் சேர்ந்தது. கிறீ மக்களின் உணவிலேயே நஞ்சு கலந்தது. ஆனால் 1989 அளவில் கிறேட் வேல் ஆற்றை மறிக்கும் அடுத்த கட்டம் முன்வைக்கப்பட்டபோது நிலைமை வேறாயிருந்தது. 1990 வசந்தத்தில் கிறீ, இனுவிட் மக்கள் சேர்ந்து, பாதி கனூவும் பாதி கயாக்குமாக ஒரு படகைக் கட்டி, ஹட்சன் விரிகுடாவிலிருந்து நியூயோர்க் வரை கொண்டுசென்றார்கள். மின்சாரத்தை வாங்கவிருந்தது நியூயோர்க் மாநிலம் அல்லவா! 1992 இல் நியூயோர்க் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 1994 நவம்பரில் ஜாக் பரிசோ அரசாங்கம் திட்டத்தையே கிடப்பில் போட்டது.

இன்று கியூபெக் தன்னைச் சுத்தமான மின்சாரத்தின் நாடு என அழைத்துக்கொள்கிறது. அச்சுத்தத்தின் வரலாற்றில் முதலில் வருவது மேசையல்ல, நீதிமன்றம்.

3. மொன்றியல் 1987: மறுத்தவர்களின் பலம்

1987 செப்ரெம்பரில் எமது கண்கள் வேறிடத்தில் இருந்தன. நல்லூரில் திலீபனின் உண்ணாவிரதம் தொடங்கிய மறுநாள், செப்ரெம்பர் 16 இல், மொன்றியலில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஓசோன் படையைப் பாதுகாக்கும் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்களை 1986 மட்டத்திலிருந்து நூற்றாண்டின் இறுதிக்குள் பாதியாக்குவது அதன் முதல் இலக்கு. ஐ.நா. சூழல் திட்டத்தின் தலைவரான எகிப்திய விஞ்ஞானி முஸ்தபா தொல்பா அரசுகளையும் விஞ்ஞானிகளையும் கொம்பனிகளையும் ஓயாமல் பேசவைத்தார்.

பெரும்பாலான வரலாறுகள் இத்துடன் கைதட்டி முடித்துவிடும். உண்மையில் அந்த உடன்பாடு அப்போது அரைகுறையானது. தலைக்கு 0.3 கிலோவுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் வறிய நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கொடுத்திருந்தார்களே தவிர, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லை. இந்தியாவும் சீனாவும் சேர மறுத்தன. ஓட்டையைப் போட்டது வடக்கு, அடைக்கும் செலவை ஏன் தெற்கு சுமக்கவேண்டும் என்பது அவற்றின் கேள்வி. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பழைய வாயுவுடனேயே குளிர்சாதனப் பெட்டிகளை அவை செய்து விற்றால் உடன்பாடு வெறும் காகிதம். இது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

1990 யூனில் லண்டனில் இந்தப் பலம் பேரம் பேசியது. அதன் விளைவாகப் பன்னாட்டு நிதியம் ஒன்று உருவானது. 1991 தொடக்கம் 1993 வரை 160 மில்லியன் அமெரிக்க டொலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 240 மில்லியன். பணத்தைவிட முக்கியமானது அதன் நிர்வாக அமைப்பு. நிறைவேற்றுக்குழுவில் 14 பேர்: பணக்கார நாடுகளிலிருந்து ஏழு, ஏனைய நாடுகளிலிருந்து ஏழு. இணக்கம் ஏற்படாவிட்டால் வாக்கெடுப்பு. மூன்றிலிரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது. இரு பிரிவுகளிலும் தனித்தனியாகவும் பெரும்பான்மை வேண்டும். பணம் கொடுப்பவர்கள் மட்டும் கூடித் தீர்மானிக்க முடியாது. வாங்குபவர்கள் மட்டும் கூடியும் முடியாது. சீனா 1991 இலும் இந்தியா 1992 இலும் இணைந்தன. நிதியத்தின் செயலகம் மொன்றியலில் அமைந்தது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

இன்று 198 தரப்புகள் சேர்ந்துள்ள உடன்பாடு இது. ஐ.நாவின் எல்லா நாடுகளும் உள்ளே. குளோரோபுளோரோகாபன்கள் பச்சைவீட்டு வாயுக்களும் ஆகையால், கியோட்டோ உடன்பாட்டின் முதற்கட்ட இலக்குகளை விட அதிக வெப்பமூட்டலைத் தவிர்த்ததும் இதுவே.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. குளோரோபுளோரோகாபன்களைச் செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கொம்பனிகள். மாற்று வாயுவும் அவற்றின் கையிலேயே இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல, முழுப் பொருளாதாரமும் அவற்றின் மேல் நிற்கிறது. இது சரியே. ஆனால் இவ்வாதம் இலக்கை அடைவது ஏன் கடினம் என்பதை விளக்குமே தவிர, மேசையில் இருந்தவர்களுக்கு ஏன் அதிகாரம் கொடுக்கப்படவில்லை என்பதை விளக்காது.

4. ஒட்டாவாவின் மேசைகள்

இனி கனடாவின் தேசிய மேசைகளுக்கு வருவோம். 1986 மே மாதத்தில் புறுண்ட்லாண்ட் ஆணைக்குழு கனடாவில் பொது விசாரணைகளை நடாத்தியது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட தேசியப் பணிக்குழு, நாடெங்கும் வட்டமேசைகள் அமைக்குமாறு 1987 இல் பரிந்துரைத்தது. 1988 யூன் இறுதியில் ரொறன்ரோவில் 'மாறும் வளிமண்டலம்' மாநாடு கூடியது. 46 நாடுகளிலிருந்து வந்த முந்நூறுக்கு மேற்பட்டோர், காபனீரொட்சைட்டு வெளியீட்டை 1988 மட்டத்திலிருந்து 2005க்குள் 20 வீதம் குறைக்குமாறு கோரினர். அதே ஆண்டில் பிரையன் மல்ரோனி அரசாங்கம் தேசிய வட்டமேசையை அறிவித்தது.

நோக்கத்தில் குறையில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பாராத முதலாளிகளும் சூழலியலாளர்களும் அங்கே சேர்ந்து இருந்தார்கள். ஆனால் உறுப்பினர்களை நியமித்தது அரசாங்கம். தொழிலாளர் தமது பிரதிநிதியையோ பூர்வகுடி மக்கள் தமது பிரதிநிதியையோ தாமே தெரிந்து அனுப்பவில்லை. அமைப்பு ஆலோசனை சொல்லலாம்; அதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

1990 களின் நடுப்பகுதியில் ஜோன் கிறெத்தியனின் லிபரல் அரசாங்கம், தேர்தலில் 20 வீதக் குறைப்பை வாக்களித்துவிட்டு, 1995 இல் கொம்பனிகள் விரும்பினால் மட்டும் சேரும் திட்டத்துடன் நின்றுகொண்டது. 1997 நவம்பரில் றெஜைனாவில் மத்திய, மாகாண அமைச்சர்கள் கூடி, 2010க்குள் 1990 இன் மட்டத்துக்குத் திரும்புவதென இணங்கினர். அது போதாது என்று கியூபெக் மட்டும் விலகி நின்றது. அடுத்த மாதமே கியோட்டோவில் கனடா 6 வீதக் குறைப்பை ஏற்றுக்கொண்டது. இலக்கு நல்லதுதான். ஆனால் மேசையில் போட்ட இணக்கத்தை ஒட்டாவா தானே மீறியபோது மாகாணங்களுக்கு, குறிப்பாக அல்பேர்ட்டாவுக்கு, நிரந்தரமான ஒரு சாட்டு கிடைத்துவிட்டது.

சேதத்தைச் சரிசெய்ய 1998 இல் மாபெரும் கலந்தாலோசனை தொடங்கியது. போக்குவரத்து, மின்சாரம், விவசாயம், காடு எனப் பதினாறு குழுக்கள். சுமார் 450 நிபுணர்கள். கனடிய வரலாற்றிலேயே பெரிய பங்காளர் கூட்டங்களில் ஒன்று. குவிந்த ஆவணங்களின் தரத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் எந்தத் துறை எவ்வளவு குறைக்கவேண்டும், செலவை எந்த மாகாணம் சுமக்கவேண்டும் என்ற ஒரே முக்கியமான கேள்வி எந்த மேசையிலும் தீர்க்கப்படவில்லை. எல்லோரும் இணங்கினால்தான் முடிவு என்ற விதி நீதியானதாகத் தெரியும். காலம் யார் பக்கம் என்பதைப் பொறுத்தது அது. இழுத்தடிப்பதால் இலாபம் பெறுபவருக்கு இவ்விதி ஒரு வீட்டோ. இழுத்தடிப்பதால் நிலம் இழப்பவருக்கு அது எதையும் தருவதில்லை. 2000 ஆம் ஆண்டில் கனடாவின் வெளியீடு 1990 ஐவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதிகமாக இருந்தது.

2002 டிசெம்பரில் கனடா கியோட்டோவை ஏற்றுறுதி செய்தது. 2011 டிசெம்பர் 12 இல் விலகுவதாக அறிவித்தது. அதே 2011 இல் தேசிய வட்டமேசை தன் கணிப்பை வெளியிட்டது: காலநிலை மாற்றத்தால் கனடா இழப்பது 2020 அளவில் ஆண்டுக்கு 5 பில்லியன் டொலராகவும், நூற்றாண்டின் நடுப்பகுதியில் 21 முதல் 43 பில்லியனாகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டு அது கலைக்கப்பட்டது. காபனுக்கு விலை வைக்கவேண்டுமென்று ஓயாமல் சொல்லும் அமைப்புக்கு மக்கள் பணம் எதற்கு என அமைச்சர் ஜோன் பெயர்ட் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே கேட்டார். 2013 மார்ச் இறுதியில் கதவு மூடப்பட்டது.

வீதிக்கு யாரும் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பேருக்குத்தான் அது மக்களின் மேசை. காபன் விலையும் பின்னர் இதே பாதையிலேயே போனது. 2016 இன் கூட்டாட்சி, மாகாண இணக்கத்தில் பிறந்து, 2018 இல் சட்டமாகி, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தையும் வென்ற அந்த விலை, நுகர்வோரைப் பொறுத்தவரை 2025 ஏப்ரில் 1 உடன் நீக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்கான விலை மட்டும் நீடிக்கிறது.

5. மொன்றியல் 2005: கதவுக்கு வெளியிலிருந்து

2005 நவம்பர் 28 இல் ஐ.நா. காலநிலை மாநாடு மொன்றியலில் தொடங்கியது. கியோட்டோ நடைமுறைக்கு வந்தபின் நடந்த முதல் மாநாடு. தலைவர் சூழல் அமைச்சர் ஸ்ரெஃபான் டியோன். அதே நாள் ஒட்டாவாவில் நம்பிக்கையில்லாப் பிரேரணையில் அவரது அரசாங்கம் கவிழ்ந்தது! விழுந்துவிட்ட ஓர் அரசின் அமைச்சர் உலகத்தைக் கூட்டி வைத்துப் பேசினார். பேச்சைத் தொடரும் பாதையையும் திறந்துவைத்தார்.

எமது கேள்விக்கு நெருக்கமான நிகழ்வு மண்டபத்துள் நடந்ததல்ல. டிசெம்பர் 7 இல் வட கியூபெக்கின் கூஜுவாக்கைச் சேர்ந்த ஷீலா வாட்-குளூட்டியே, கனடாவையும் அலாஸ்காவையும் சேர்ந்த மேலும் 62 இனுவிட் மக்களுடன் சேர்ந்து அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழுவிடம் ஒரு முறைப்பாட்டைச் சமர்ப்பித்தார். ஐக்கிய அமெரிக்காவின் வெளியீடுகள் பனியை அழிப்பதன் மூலம் தமது வாழ்வு, பண்பாடு, உடைமை ஆகியவற்றுக்கான உரிமைகளை மீறுகின்றன என்பது அதன் சாரம். வேட்டைக்காரர் நம்பி நடந்த கடற்பனி இப்போது நம்பத்தகாததாகிவிட்டது. 2006 இல் ஆணைக்குழு முறைப்பாட்டைத் தொடர முடியாதென்றது. 2007 மார்ச்சில் ஒரு பொது விசாரணையை மட்டும் நடாத்தியது.

சட்டரீதியாக இது தோல்வி. ஆனால் அதுவரை தொன் கணக்கிலும் டொலர் கணக்கிலும் நடந்த பேச்சுக்குள் உரிமை என்ற சொல்லை நுழைத்தவர்களில் இவர்கள் முன்னவர்கள். 2015 பாரிஸ் உடன்பாட்டின் முகவுரை மனித உரிமைகளையும், பூர்வகுடி மக்களையும், புலம்பெயர்ந்தோரையும் கூடக் குறிப்பிடுகிறது. முகவுரையில் மட்டும்தான். ஆயினும் 2025 யூலை 23 இல் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டக் கடமை என ஆலோசனைக் கருத்து வெளியிட்டபோது, வேட்டைக்காரர்களின் அந்த வாதம் இருபது ஆண்டுகள் கழித்து நீதிமன்ற மொழியாகியிருந்தது.

6. எமக்கு இதில் என்ன?

மேசைகளைப் பற்றி எமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1984 இன் சர்வகட்சி மாநாடு, 1985 இன் திம்பு, எமது பெயரால் எழுதப்பட்டு எமது கையொப்பமின்றி 1987 யூலை 29 இல் முடிந்த இலங்கை இந்திய ஒப்பந்தம் என நீளும் பட்டியல் எம்மிடம் உண்டு. அழைக்கப்படுவதற்கும் உரிமையோடு இருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை நாம் உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

ஆனால் கற்றதை எமக்கே பிரயோகித்தோமா? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள், 2002 பேச்சுவார்த்தைகளில் தனித்தரப்பாக இடம் கேட்டார்கள். அது கிடைக்கவில்லை. அரசும் கொடுக்கவில்லை, புலிகளும் கொடுக்கவில்லை, நாமும் அதற்காகப் பெரிதாகக் குரலெழுப்பவில்லை. அவர்களையும் உரித்தாளராக அன்றி, பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய பங்காளராகவே கருதினோம்.

மொன்றியலில் இக்கேள்வி இரு பக்கமும் வெட்டுகிறது. 2018 யூலை வெப்ப அலையில் இந்நகரில் 66 பேர் இறந்ததாகப் பொதுச் சுகாதாரத்துறை கணக்கிட்டது. தனியாக வாழ்ந்தோர், நோயாளர், மரநிழலற்ற வறிய பகுதிகளில் இருந்தோரே பெரும்பாலும். பார்க் எக்ஸ்ரென்ஷனின் மேல்மாடி அறைகளில் கோடை இரவுகளைக் கழித்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே வாடகைக்கு இருக்கும் அகதி விண்ணப்பதாரிக்கு வாக்குரிமை இல்லை, கலந்தாலோசனைக் கூட்டத்தின் பிரெஞ்சும் முழுதாகப் பிடிபடாது. இந்த இடத்தில் நாம் அழைக்கப்படாதவர்கள். அதே அறையை மாரியில் சூடாக்கும் மின்சாரமோ கிறீ மக்களின் மூழ்கிய நிலத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தில் நாம் அழைக்க மறந்தவர்களின் பக்கம்.

எனவே காலநிலைக் கொள்கைக்கென இனி எந்த மேசை போடப்பட்டாலும் அங்கே எமக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்பதுடன் நிற்க முடியாது. அங்கிருப்பவர்களை அனுப்பியது யார், அவர்கள் வேண்டாம் என்றால் எதையாவது நிறுத்த முடியுமா, பணத்தின் மேல் யாருக்கு வாக்கு, மேசையையே தூக்கிவிட யாருக்கு அதிகாரம் என்று கேட்கவேண்டும். பன்னாட்டு நிதியம் இக்கேள்விகளுக்கு விதிகளாகவே பதில் எழுதிவைத்தது. தேசிய வட்டமேசை எழுதிவைக்கவில்லை.

உரித்தாளர் என்ற இச்சொல்லிலும் ஆபத்து இல்லாமலில்லை. உரித்தைப் பரம்பரையுடனும் இரத்தத்துடனும் மட்டும் கட்டினால் என்ன நடக்குமென்பதை எமது தீவு காட்டியிருக்கிறது. நேற்று வந்த அகதிக்கு இந்நகரின் காற்றிலும் நிழலிலும் உள்ள உரித்தை எதன் மேல் நிறுவுவது? அங்கே வாழ்கிறார் என்பது ஒன்றே போதும் என்பது எமது எண்ணம். போதாது என்பவர்கள், வேறு எதன் மேல் நிறுவலாம் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.